எனக்கு வைத்த பெயர்

தஞ்சாவூரில் ஐந்து நாள் பயிற்சி.
ஆளுக்கொரு படத்தாள், ஒரு பேனா, மதியம் சாம்பார் சாதம்.
திரும்பி வரும் பேருந்தில்
கம்பியை விட்டுவிட்டு
அம்மா, வீடு, சோறு என்று
கையால் சொல்லிப் பழகினேன்.
எதிர் சீட்டுக்காரர் தன் பையை
மடியில் இறுக்கிக்கொண்டார்.

கொரடாச்சேரிக்குத் தெற்கே
வாய்க்காலை ஒட்டிய பள்ளி.
மூன்றாம் வகுப்பு, இருபத்திரண்டு பேர்.
இருபத்தொருவருக்குக் காது கேட்கும்;
கேட்டாலும் கேட்க மாட்டார்கள், அது வேறு.
தன்ஷிகாவுக்குக் கேட்காது.
ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளை
முன் பெஞ்சில் உட்கார வைத்ததையே
பெரிய காரியமாக நினைத்திருந்தேன்.

படத்தாளைச் சுவரில் ஒட்டினேன்.
மைதாப் பசைக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்குப் பல்லி வந்தது.
பல்லிக்கு என்ன சைகை டீச்சர்?
தாளில் பல்லி இல்லை.
தன்ஷிகா இடது உள்ளங்கையைச் சுவராக நிறுத்தி
இரண்டு விரலை அதில் ஓடவிட்டு
சட்டென்று நிறுத்தினாள்.
பல்லி அப்படித்தான் நிற்கும்.

அதற்குப் பிறகு பாடம் என் கையில் இல்லை.

தண்ணீருக்குத் தாளில் ஒரே சைகை.
எங்கள் பக்கத்தில் அது எப்படிப் போதும்?
குடத்துத் தண்ணீர், போர் தண்ணீர்,
நின்று நாற்றை அழுகவைக்கும் மழைத் தண்ணீர்,
முறை வைத்து விடும் ஆற்றுத் தண்ணீர்.
அஃப்சலும் பவித்ரனும் இதற்காகக்
கைகலந்தே விட்டார்கள்.
நான் வருகைப் பதிவேட்டில் கூட்டல் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.
என்ன முடிவானது என்று கவனிக்கவில்லை.

அந்த வருடம் மேட்டூரைத் தாமதமாகத்தான் திறந்தார்கள்.
ஆடி பிறந்து ஒரு வாரம்.
கரும்பலகையில் வகுத்தல் கணக்கு எழுதுகிறேன்.
முதுகுக்குப் பின்னால் அமைதி.
இப்படி ஓர் அமைதிக்காகத்தானே பதினேழு வருடம்
தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினேன்.
மகிழ்ந்தே போனேன்.
மீதி இரண்டு என்று எழுதித் திரும்பினால்
எல்லா முகமும் பூத்திருக்கிறது,
கைகள் மட்டும் மேசைக்கு அடியில்.

என்னடா?
ஒண்ணுமில்ல டீச்சர்.

ஜன்னலோரத்து விஜயபாலன் பார்த்த எதுவோ
வரிசை வரிசையாகப் பாய்ந்து
கடைசி பெஞ்சு வரை போய்ச் சேர்ந்துவிட்டது.
எனக்கு மட்டும் வரவில்லை.
எல்லோரும் சிரிக்க
எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்து வைத்தேன்,
இரண்டு வருடம் முன் பெஞ்சிலிருந்து
அவள் சிரித்து வைத்ததைப் போல.

தன்ஷிகாவிடம் போய்க் கையை விரித்தேன்: என்ன?

அவள் ஒரு கையால் ஷட்டரைத் திருகித் தூக்கினாள்.
அதன் அடியிலிருந்து மறு கையின் விரல்கள்
நெளிந்து நெளிந்து வெளியே வந்தன.

ஜன்னலுக்கு ஓடினேன்.
ஒற்றைச் செருப்பு, காய்ந்த வாழைமட்டை, நுரை,
எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு
பழுப்பாக வந்துகொண்டிருந்தது.

அதற்கு மேல் யார் வகுப்பார்கள்?
கரைக்குக் கூட்டிப்போனேன்.
அங்கே ஒருவரை ஒருவர் கையால்தான் கூப்பிட்டார்கள்.
விஜயபாலனுக்குப் புருவத் தழும்பு.
அஃப்சலுக்கு மூக்குறிஞ்சல்.
சத்துணவு அக்காவுக்கு முட்டை உரிப்பு.

எனக்கு?

அஃப்சல் வேண்டாம் என்று தலையாட்டினான்.
தன்ஷிகா கொஞ்சம் யோசித்தாள்.
இடது உள்ளங்கையை மேசையாக்கி
வலது கையை அதன் மேல் படீரென்று இறக்கினாள்.

மர ஸ்கேல்.
இரண்டு வருடம் நான் பேசியதில்
பலகை வழியாக, முழங்கை வழியாக
அவளிடம் போய்ச் சேர்ந்த ஒரே வார்த்தை.

மாற்றிக்கொள்ளலாமா என்றேன்.
பூ மாதிரி ஏதோ ஒன்றைக் காட்டியும் பார்த்தேன்.
அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு.
வைத்த பெயர் வைத்ததுதானாம்.

ஸ்கேல் இப்போது பீரோவில் கிடக்கிறது.
காலையில் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே
மைதானம் முழுக்கக் கைகள் இறங்குகின்றன,
ஒரு சத்தமும் இல்லாமல்.
திரும்பிப் பார்க்கிறேன்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
பார்க்கத்தானே வேண்டும்.