முப்பத்தேழு

பதிவுக் கந்தோரில் பேனை எழுதாமல்
நிரோஜினி சிரித்தது பதினொன்று.
பர்ஹான் தன் பேனையை நீட்டியது பன்னிரண்டு.
இரண்டு வீட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை.
படங்களைத்தான் அனுப்புவதாக இருந்தார்கள்.
காலிமுகத்தில் குடை மறுபக்கம் மடிந்தது
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, ஆசைக்கு இன்னொன்று.

முப்பத்தாறோடு நெம்பு இறுகியிருக்கவேண்டும்.
முப்பத்தேழும் போனது.
முப்பத்தெட்டு, வெண்ணெயில் கத்தி.

அப்போதுதான் இடப்பக்கக் குமிழைப் பார்த்தேன்.
காலையிலிருந்து அது திரும்பவேயில்லை.
எண்காட்டிக்கு என்ன,
அது என் பெருவிரலைத்தான் எண்ணியது.

வெள்ளவத்தை ஸ்டேஷனில்
வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் முதுகைக் காட்டி
பின்கதவைத் திறந்தேன்.
வெட்டிலிருந்து கழன்று கிடந்தது நாக்கு.
முப்பத்தெட்டும்
அந்த இரண்டு விரற்கடை பிலிமில்,
ஒன்றின்மேல் ஒன்றாக.

நாக்கை மறுபடி செருகினேன்.
இரண்டு ஓரத்துத் துளைகளும்
பல்லில் ஏறும்வரை இழுத்தேன்.
மூடினேன். தளர்வை எடுத்தேன்.
நெம்பைத் தள்ள
குமிழ் திரும்பியது, எதிர்ப்பக்கமாக, மெல்ல.

பாணந்துறை ரெயில் வரும் சத்தம்.
"எத்தினை படம் வந்திருக்கும்?" என்றாள் நிரோஜினி.
"அப்பிடியே நில்லுங்கோ," என்றேன்.
"ஒன்று."