ஆறு செவ்வாய்க்கிழமைகள்

ஆறு செவ்வாய் போதும் என்றாள்.
நான்கு வருடத்தை ஆறால் எப்படி வகுப்பது என்று
பாம்பன் பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன்.
பஸ்ஸில் நான் இடப்பக்கம்தான்.
வலப்பக்க ஜன்னலில் வடகடல் வரும்.

உச்சிப்புளி ஆரம்ப சுகாதார நிலையம்.
தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு அடுத்த அறை.
அது உறுமி நிற்கும்போதெல்லாம்
எஞ்சின் அணைந்ததுபோல வயிறு கலங்கும்.
மெகராஜ் பானு ஒன்றும் கேட்கவில்லை.
மறுவாரம் நாற்காலிகள் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தன.

என்ன கஷ்டம் என்று தாளில் ஒரு கட்டம்.
வியாகுலம் என்றேன்.
எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.
அண்ணன் பேரு என்றேன்.
அவள் அடிக்கவில்லை.

முதல் வாரம் நான் சொன்னது மூன்று வரி:
ஐப்பசி மாசம்.
வல்லம் கவுந்துச்சு.
அண்ணனக் கைவிட்டேன்.
மீன்வளத் துறையிலும் பாவசங்கீர்த்தனத்திலும்
சொல்லிச் சொல்லிப் பழகிய அதே மூன்று.

இரண்டாம் வாரம் கண்ணை மூடச் சொன்னாள்.
"நடந்துச்சுன்னு சொல்லாதீங்க.
நடக்குதுன்னு சொல்லுங்க."

நடக்குது.
நீவாடு இழுக்குது.
டீசல் நாத்தம். ஒத்தைச் செருப்பு மிதக்குது.
ஒரு கையில வெள்ளைக் கேன்,
ஒரு கையில அண்ணன் மணிக்கட்டு.
அண்ணன் காத்த வையிறான்.
இப்ப வையல.

"அப்புறம் கை என்ன பண்ணுது?"

எழுந்துபோய் ஒடைமரத்தடியில் வாந்தியெடுத்தேன்.
பஸ்ஸுக்குக் காசு இருந்தும்
மண்டபம்வரை நடந்தேன்.

என் குரலை என் போனிலேயே பிடித்துக் கொடுத்திருந்தாள்,
தினம் ஒருவேளை, மாத்திரைபோல.
வலை போட்டுவைக்கும் ஷெட்டில் உட்கார்ந்து கேட்பேன்.
மூக்குறிஞ்சும் சத்தம்.
எங்கோ அவள் பேனா மூடி விழும் சத்தம்.
பத்தாம் நாளோ என்னவோ, அதில் ஒருவன்
கேன் வழுக்குது, கேன் வழுக்குது என்கிறான்.
அதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

நான்காம் வாரம்.
விரல் மரத்திருக்கு.
மூணாவது அலை.
தோளுக்குள்ள ஒரு சத்தம்.
கை, கை விடுது.

"நீங்க விடுறீங்களா? கை விடுதா?"

குளிர்பெட்டி நின்றது.
மறுபடி ஓடத் தொடங்கியது.
அவள் தாளைத் திருப்பி எழுதினாள்:

கைவிட்டேன்.
கை விட்டது.

எட்டாவதுவரைக்கும் படித்தவன் நான்.
இரண்டாவதில் ஓர் இடைவெளி இருந்தது,
ஒரு ஆள் தலைதூக்கி மூச்சுவாங்கும் அளவுக்கு.

சுகமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.
குற்றம் நகர்ந்த இடத்தில் அண்ணன் இல்லை.
நான்கு வருடமாக அவனைக் கொன்றுகொண்டே இருந்தேன்,
அதனால் அவன் சாகவில்லை.
அந்தச் செவ்வாய்தான் செத்துப்போனான்.
பஸ் நிறுத்தத்தில் அழுதேன்.
பலூன் வைத்திருந்த பிள்ளை என்னையே பார்த்தது.

ஐந்தாம் வாரம் வலப்பக்கம் உட்கார்ந்தேன்.
நீலமும் இல்லை, பெரிதும் இல்லை.
நாலு நாரை, ஒரு காவல் படகு.
இதற்கா என்று இருந்தது.
அக்காள்மடம் வந்தும் கை கம்பியை விடவில்லை.

மதினியிடம் சொல்லிவிட்டு வரவேண்டும் என்பது அந்த வாரப் பாடம்.
நண்டுவலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.
கை விட்டுப்போச்சு மதினி, நான் விடல என்றேன்.
தலை நிமிரவில்லை.
"தெரியும்.
தோள் எறங்கித்தான வந்து கெடந்த.
விட்டவனுக்கு எதுக்குத் தோள் எறங்குது?"

பெறகு ஏன் சொல்லல?

ஒரு நண்டை ஒடியாமல் பிரித்தெடுத்துப்
பெட்டியில் போட்டாள்.
"யாரையாச்சும் வைய வேண்டியிருந்துச்சு."

ஆறாம் வாரம், கதவருகில் நின்றுதான் சொன்னேன்:
இருபத்தெட்டு நாளைக்கு ஒருதடவை
அண்ணன் நம்பருக்கு ரீசார்ஜ் போடுகிறேன்.
அடித்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே
என்று ஒரு பொம்பளை சொல்வாள்.
போடாவிட்டால்
அப்படி ஒரு எண்ணே இல்லை என்பாள்.

நிறுத்தணுமா?

சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:
"எப்ப முடியுது?"

வியாழக்கிழமை.

"அப்ப வியாழக்கிழமை பாருங்க."