மீதி

அர்மிந்து வந்தது பல்செட் பசை வாங்க.
கணினி சொல்கிறது:
ரத்த அழுத்த மாத்திரை
பிப்ரவரி நான்கிலேயே தீர்ந்திருக்க வேண்டும்.
இன்று மார்ச் பத்தொன்பது.

"இன்னும் இருக்கு."
கோட்டுப் பையிலிருந்து எடுத்தே வைக்கிறார்
மூன்று அட்டை.
ஒன்றில் மட்டும் நாலு குழி காலி.

செத்தூபலின் மத்தி மீன் ஆலையில்
முப்பத்தொரு வருடம் கொதிகலன் பார்த்தவர்.
முள் சிவப்புக் கோட்டைத் தொடுமுன்
ஆவியைத் திறந்துவிட்ட கை.
ஒருமுறைகூட வெடித்ததில்லை என்று
எனக்கே ஆறு தடவை சொல்லியிருக்கிறார்.

மறதியா என்றேன்.
"மறக்கல.
டம்ளர்ல தண்ணி ஊத்தறேன்.
மாத்திரையப் பாக்கறேன்.
எதுக்குன்னு தோணுது.
தண்ணியை ஜெரேனியத்துக்கு ஊத்திடறேன்."

இதற்கு என் படிப்பில் ஒரு வார்த்தை உண்டு.
சொல்லவில்லை.
கையில் பட்டையைச் சுற்றினேன்.
காற்று ஏறி இறுக இறுக
கண்ணை மூடிக்கொண்டார்.
நூற்று எண்பத்திரண்டு.
"இன்னொரு தடவை போடுங்க."
எண்ணை நம்பவில்லை என்று நினைத்தேன்.
மூன்றாம் தடவைதான் புரிந்தது,
அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை.

வரிசையில் யாரோ செருமினார்கள்.
அவரை உள்ளே உட்காரவைத்து
சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டேன்.
எதற்காக இன்றைக்கே பார்க்கணும்
என்று கேட்டாள் அந்தப் பெண்.
அழுத்தம்.
ரத்தமா, மனசா?
திரும்பிப் பார்த்தேன்.
அவிழ்த்த பட்டையை மடியில் வைத்துத்
தடவிக்கொண்டிருந்தார்.
ரெண்டும்தான் என்றேன்,
எதை முதலில் எழுதுவது என்று
அவள் யோசிப்பது கேட்டது.

காத்திருக்கையில்
அந்தச் செடி எப்படி இருக்கிறது என்றேன்.

"காடாயிடுச்சு" என்றார்,
கொஞ்சம் வெட்கத்தோடு.