பத்தே நிமிடம்

காலை ஏழுக்கு ருஸ்தாவியில் ஏறியவர்கள் நாற்பத்திரண்டு பேர்.
உர ஆலைச் சங்கத்தின் வருடாந்தரச் சுற்றுலா.
வழிகாட்டி கதூனா மைக்கைத் தட்டிப் பார்க்கிறாள்.
எனக்குப் பாடம்:
முதலில் ஒரு ஜோக், பிறகு அரசர்கள்,
பிறகு "பத்தே நிமிடம், அன்பர்களே."

இந்தச் சாலையில் முந்நூறு தடவைக்கு மேல் ஓட்டிவிட்டேன்.
மலையைப் பார்த்ததில்லை.
வளைவைப் பார்த்திருக்கிறேன்.
வளைவுக்கு அப்பாலிருந்து நீளும் லாரியின் மூக்கை,
பக்கக் கண்ணாடிக்குள்
பின்னோக்கி ஓடிச் சுருங்கும் சிகரங்களை.

அனனூரியில் கோட்டை.
ஏரி பச்சையாக இருந்ததாம், சொன்னார்கள்.
நான் முன்கண்ணாடியில் அப்பியிருந்த பூச்சிகளைச்
சுரண்டிக்கொண்டிருந்தேன்.

பசனௌரியில் இரண்டு ஆறுகள்,
ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை.
சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம்
தனித்தனியாகவே ஓடும் என்றாள் கதூனா.
"எங்கள் கல்யாணம் மாதிரி" என்றார்
கணக்குப் பிரிவு ஒத்தார்.
பேருந்தே சிரித்தது,
பக்கத்து இருக்கையில் அவர் மனைவியைத் தவிர.

எந்த நிறுத்தத்திலும் இறங்கியது நாற்பத்தொரு பேர்தான்.
இருபத்தேழாம் எண் இறங்கவில்லை.
ஆலை உணவகத்தில் தட்டு கழுவும் மக்வாலா.
காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
மடியில் செய்தித்தாள் விரித்து
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

கால் வலியா என்றேன்.
இல்லை.
தலைசுற்றலா?
இல்லை.
"பத்தொன்பது வருஷமாக நின்றுகொண்டே இருக்கிறேன், மகனே.
உட்காரத்தான் டிக்கெட் வாங்கினேன்.
நான் உட்கார்ந்திருக்க
மலை ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு வந்து
நின்று காட்டிவிட்டுப் போகிறது.
இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்?"

குடவூரிக்கு மேலே மேகம் இறங்கிவிட்டது.
"இதோ நமக்கு நேர் எதிரே"
என்று வெள்ளைக்குள் கையை நீட்டினாள் கதூனா.
நாற்பத்தொரு பேரும்
வெள்ளையைப் படம் எடுத்தார்கள்.
ஒருவர் வெள்ளைக்கு முன்னால் நின்று
தன்னையும் எடுத்துக்கொண்டார்.

எல்லையை நோக்கிக் காத்திருக்கும் லாரிகளின் வரிசை
வழக்கம்போல வாலை நீட்டிக் கிடந்தது.
இன்ஜினை அணைத்தேன்.
"நீ ஏன் உட்கார்ந்தே இருக்கிறாய்?" என்றாள் மக்வாலா.
வண்டியை விட்டுவிட்டுப் போக முடியாதே.
"யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்?
நான்தான் இருக்கிறேனே. போ."

போனேன்.
கம்பி வேலி ஈரமாக இருந்தது.
அதற்கு அப்பால் ஒன்றுமில்லை,
ஒன்றுமில்லை என்பதற்குள் ஏதோ ஓர் ஆட்டின் மணி,
அதற்கும் கீழே தண்ணீர்ச் சத்தம்.
எவ்வளவு கீழே என்று
காதால் அளந்துகொண்டே நின்றேன்.
வளைவு இல்லை. மூக்கு இல்லை.
முகத்தில் வந்து உட்கார்ந்த குளிரை
துடைக்கவும் தோன்றவில்லை.

அப்போது ஹார்ன் அடித்தது.
என் வண்டியின் ஹார்ன், தூக்கத்திலும் தெரியும்.
கழிப்பறை வரிசையிலிருந்தவர்கள்,
சோள வியாபாரியிடம் பேரம் பேசியவர்கள்,
ஒத்தார், ஒத்தாருக்கு முன்னால் அவர் மனைவி,
மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினார்கள்.
கதூனா எண்ணி முடித்து மைக்கில் சொன்னாள்:
"பயணிகள் எல்லாரும் வந்தாயிற்று.
ஓட்டுநரைக் காணவில்லை."

மூச்சிரைக்க ஏறினேன்.
என் இருக்கையில் மக்வாலா,
வெறுங்காலோடு,
திருடுபோன பொருளை வைத்திருப்பவள்போல
ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்துக்கொண்டு.
"எவ்வளவு உயரம் என்று பார்த்தேன்.
முழங்கை பட்டுவிட்டது."
பிறகு, எழுந்துகொண்டே,
மற்றவர்களுக்குக் கேட்காதபடி:
"நல்ல இருக்கை. ஆனால்
சாலையைத் தவிர ஒன்றும் தெரியவில்லையே."

இரவு பத்தரைக்கு ருஸ்தாவி.
எல்லாரும் இறங்கிய பிறகு விளக்கைப் போட்டுக் கூட்டினேன்.
சோளத் தக்கை, டிக்கெட், ஆரஞ்சுத் தோல்,
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.
இருபத்தேழின் அடியில் மட்டும்
கூட்டுவதற்கு ஒன்றுமில்லை.