கண்ணில் ஒன்றுமில்லை

கப்பி கழன்று புருவத்தில் அடித்தது.
ரத்தத்தைக் கைலியில் துடைத்துவிட்டு
மிச்ச வலையையும் இழுத்தேன்.
முதுநகர் துறையை நெருங்கும்போது
கலங்கரை விளக்கம் பாதிதான் இருந்தது.

ஜிப்மரில் ஒரு டாக்டரம்மா
மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியைக் காட்டினார்.
இந்தக் கண்ணுக்கு?
சிவப்பு.
அந்தக் கண்ணுக்கு?
மூன்று கோடை காய்ந்த கட்சிக்கொடி என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

விழி நன்றாக இருக்கிறதாம்.
பின்னால், எலும்புக் குழி முடிகிற இடத்தில்
மத்தி வலையின் கண்ணைவிடச் சிறிய ஓர் ஓட்டை.
அதில் நுழைகிற நரம்பு நசுங்கிவிட்டதாம்.
எனக்கு எங்கள் முகத்துவாரம் ஞாபகம் வந்தது:
உப்பனாறு நிறையத் தண்ணீர்,
வாயில் மணல்,
ஒரு படகும் வெளியேறாத நாள்.

பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள்
முகத்தை வைக்கச் சொன்னார்கள்.
வெளிச்சப் புள்ளி தெரிந்தால்
பொத்தானை அமுக்க வேண்டும்.
தெரிந்ததற்கு அமுக்கினேன்.
வெகுநேரம் எதுவும் வரவில்லை.
வெளியே பெஞ்சில்
ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு
தவமலர் உட்கார்ந்திருந்தாள்.
இன்னும் நாலைந்து தடவை அமுக்கினேன்.

மெஷின் காட்டிக்கொடுத்துவிட்டது.
"இல்லாததையும் பார்க்குறீங்க, தேசிங்கு.
மறுபடி எடுக்கலாம்."

ரெட்டிச்சாவடி தாண்டியதும் பஸ்ஸில்
பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றித் தந்தாள்.
டம்ளருக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே
என் கை மூடிக்கொண்டது.
அவள் முந்தானையால் என் முழங்காலைத் துடைத்தாள்,
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாவது தடவை
டம்ளரை என் விரலில் ஒரு தட்டுத் தட்டி,
நான் பிடிக்கும்வரை
விடாமல் வைத்திருந்தாள்.