டபிள்யூ பதினேழு

மாதவரத்துத் தகரக் கொட்டகையில்
நாற்பத்தைந்து பாகை சாய்த்துக் கட்டிய குழாய்.
சுற்றிவந்து ஒட்ட வேண்டும். குழாய் அசையாது,
நான்தான் அசைய வேண்டும்.
முடித்து முகமூடியைத் தூக்கியபோது
ஓமன் கம்பெனியின் பொறியாளர் குனிந்து
தொடாமல் வெகுநேரம் பார்த்தார்.
கொடுவாச் செதில் போல
ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தது.
"இத்தனை நாள் எங்கே இருந்தாய்?" என்றார்.
மணலியில், என்றேன்.

மணலியில் பதினோரு வருஷம்.
மூன்று கான்ட்ராக்டர், ஒரே கேட்.
நிரந்தர ஆட்களுக்கு நீல அட்டை, எங்களுக்கு மஞ்சள்.
மஞ்சள் அட்டைக்கு கேன்டீன் கிடையாது,
குழாய் அடுக்கின் நிழல் உண்டு,
பன்னிரண்டு மணிக்கு அதுவும் சுருங்கிவிடும்.
நான் ஒட்டிய ஒவ்வோர் இணைப்பின் பக்கத்திலும்
சாக்பீஸால் என் எண்ணை எழுதுவார்கள்:
டபிள்யூ பதினேழு.
பெயின்ட் அடித்ததும் எண் போய்விடும்.
இணைப்பு போகாது.

பாரத்தில் ஒரு கட்டம்:
ஏன் வெளிநாடு போக விரும்புகிறீர்கள்?
புரோக்கர் பையன் எல்லாருக்கும் ஒரே பதிலை
அவனே நிரப்பிக்கொண்டிருந்தான்: குடும்ப முன்னேற்றம்.
நான் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டேன்.
சம்பளம் ஐந்து மடங்கு. அதில் மறைக்க ஒன்றுமில்லை.
ஆனால் ஷட்டவுன் முடிந்த மறுநாள்
"கூப்பிடறோம், போ" என்று அனுப்பிவிட்டு
கூப்பிடாமலே போன மே மாதத்தை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
அமுலு மாடியில் காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டையை
நாலு உதறு உதறித்தான் மடிப்பாள். சாம்பல்.
சில ராத்திரி ஒரு வாடை வரும், ஜன்னலைச் சாத்துவோம்,
வாடை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று தெரியாமல்
மறுபடி திறப்போம்.
பையன் படம் வரையும்போது
வானத்துக்கென்று தனியாக ஒரு கிரேயான் வைத்திருக்கிறான்.
நீலம் இல்லை.
கடைசியில் புரோக்கர் எழுதியதையே
என் பாரத்திலும் எழுதிக் கொடுத்தேன்.

வெல்டுக்கு எடுத்த எக்ஸ்ரே அன்றைக்கே பாஸ்,
ஒரு துளை இல்லை, கசடு இல்லை.
நெஞ்சுக்கு எடுத்ததை டாக்டர்
விளக்குக்கு நேரே பிடித்தார், சாய்த்தார், மறுபடி பிடித்தார்.
"புகை பிடிப்பியா?"
"இல்ல சார். எர்ணாவூர்."
அவர் சிரிக்கவில்லை.
பதினைந்து நாள் மாத்திரை, பிறகு இன்னொரு படம்.
அந்தப் பதினைந்து நாளும்
என் உடம்புக்குள் யாரோ மோசமாக ஒட்டிவிட்டு
எண் எழுதாமல் போனதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது படம் தேறியது.

துக்ம் என்கிற அந்த ஊரில் மரமே கிடையாதாம்.
போய்விட்டு வந்த தண்டையார்பேட்டை சாதிக் சொன்னான்:
"அங்கயும் நீ நம்பர்தான் மச்சான்.
ஆனா அந்த நம்பருக்கு ஓவர்டைம் உண்டு,
உச்சி வெயில்ல நிறுத்துன்னு சொல்ல ஒரு சட்டம் உண்டு."
வேறென்ன, என்று கேட்டேன்.
அவன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புறப்பட்ட ராத்திரி எக்ஸ்பிரஸ் சாலை முழுக்கக்
கன்டெய்னர் லாரி வரிசை. ஆட்டோ நகரவில்லை.
அமுலு மடியில் பையன் தூங்கிவிட்டான்.
போன் அடித்தது. கான்ட்ராக்டர்.
உலைக்குள் ஒரு குழாய் பிளந்துவிட்டது, இடுக்கான இடம்,
கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத்தான் ஒட்ட முடியும்,
உங்களை விட்டால் ஆள் இல்லை.
பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக
"தேசிங்கு சார்" என்றார்.
இரட்டைச் சம்பளம் என்றார். வண்டி அனுப்புகிறேன் என்றார்.
நீல அட்டை என்று மட்டும் சொல்லவில்லை.

எனக்கு அந்த இடம் தெரியும்.
எந்தத் தோளை முதலில் நுழைக்க வேண்டும்,
எந்த மூச்சை எங்கே அடக்க வேண்டும்.
விரல்கள் தாமாகவே மடங்கின.
"காலைல வந்துடறேன் சார்" என்றேன்.

அமுலு என்னையே பார்த்தாள்.
முன்னால் நின்ற லாரி புஸ்ஸென்று காற்றை விட்டு
ஓர் அடி நகர்ந்தது.