கடல்மட்டக் கணக்கு

எங்களிடம் இருந்த புத்தகங்களெல்லாம்
கடல்மட்டத்தில் எழுதப்பட்டவை.
காற்றின் அடர்த்தி என்று அவை போட்டிருந்த எண்ணை நம்பித்தான்
முதல் இறக்கையை அறுத்தோம்.
ஒரூரோ நகரம் மூவாயிரத்து எழுநூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது.
இங்கே வீசுவது
மூன்றில் ஒரு பங்கை எங்கோ அடகு வைத்துவிட்டு வந்த காற்று.
கடலே இல்லாத நாடு. கடற்படை மட்டும் உண்டு.
எங்கள் ஐந்து பேரில் ஒருவரும்
கடல்மட்டத்துக்குப் போனதில்லை.

ரில்மா கரும்பலகையில் பழைய எண்ணை அடித்தாள்.
இறக்கை இருபுறமும் ஒரு முழம் வளர்ந்தது.
"இது கதவில் நுழையாது" என்றான் வில்ஃபோர்.
நுழையவில்லை.
அன்றிலிருந்து வராந்தாவில் வேலை.
தரை துடைக்க வரும் எலியோதோரா
இறக்கையைச் சுற்றி ஈரமில்லாத ஒரு தீவை
விட்டுவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்.

நுரைப்பலகை,
சந்தையில் மீன் வந்திறங்கும் பெட்டிகளிலிருந்து எடுத்தது.
எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும்
வெயிலில் வைத்தால் மீன்வாடை.
பல்கலைக்கழகத்தின் நாய்கள் மட்டும்
எங்கள் ஆராய்ச்சியை முதல் நாளே மதித்தன.

முதல் பறப்பு நான்கு நொடி.
வயரை மாற்றிச் சொருகியது நான்.
வில்ஃபோர் இடப்பக்கம் திருப்பினான், அது வலப்பக்கம் சாய்ந்தது.
பதறி இன்னும் இடப்பக்கம் திருப்பினான்,
அது இன்னும் வலப்பக்கம் சாய்ந்து
கால்பந்துத் திடலில் மூக்கைக் குத்தி நின்றது.
யாரும் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
அடுத்த மூன்று வாரமும் ஒவ்வொரு வயரின் நுனியிலும்
சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது விமானத்துக்கு வால் கனம்.
புழுதியை எண்ணும் கருவியைப்
பின்னால் தள்ளி வைத்ததற்குக் கொடுத்த விலை.
இறக்கைக்கு அடியில் இரு விரல் கொடுத்துத் தூக்கினால்
மூக்கை உயர்த்திக்கொண்டு வால்மேல் உட்கார்ந்தது.
பேட்டரியை நகர்த்திப் பார்த்தோம்.
சில்லறைக் காசுகளை ஒட்டிப் பார்த்தோம்,
மதியச் சாப்பாட்டுக்குப் பிய்த்தெடுத்தோம்.

லிம்பர்ட் அதிகம் பேசுகிறவன் அல்ல.
மறுநாள் வந்து ஒரு காலுறையை மேசைமேல் கவிழ்த்தான்.
ஈயக் குண்டுகள். வலையின் அடிக்கயிற்றில் கோப்பவை.
"எத்தனை வேண்டும்?"
"வீட்டில் தேவைப்படாதா?"
கேட்டது நான்தான்.
கேட்ட கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவனுக்குப் பதினொரு வயதாகும்போது ஏரி வற்றியது.

எட்டுக் குண்டு. எண்பத்தேழு கிராம்.
விமானம் விரல்நுனியில் அசையாமல் கிடந்தது.

ஆகஸ்ட் மாதம், காற்று எழுவதற்கு முந்திய காலை.
வரைபடத்தில் போப்போ இன்னும் நீலம்தான்.
நாங்கள் நின்ற இடம் உப்பும் வெடிப்பும்.
ரில்மா ஓடிப்போய் எறிந்தாள்.
அது ஒருமுறை தாழ்ந்தது,
எல்லோருடைய வயிறும் கூடவே தாழ்ந்தது,
பிறகு அந்தக் குறைந்த காற்றில்
எதையோ பிடித்துக்கொண்டு ஏறியது.

ஆறாவது நிமிடத்தில் லிம்பர்ட் சொன்னான்:
"அந்தப் படகுக்கு நேராகக் கொண்டு போ. கொஞ்சம் தாழ்த்து."
ஒருக்களித்துக் கிடந்த படகு. பலகைகளில் பாதியை
யாரோ விறகுக்குக் கழற்றியிருந்தார்கள்.
"இங்கே எவ்வளவு ஆழம்?" என்றான் வில்ஃபோர், கண்ணை எடுக்காமல்.
"என் அப்பா நின்றால் தலை தெரியாது."
இருபது மீட்டர் உயரத்தில்
எட்டுக் குண்டுகளும் அதைக் கடந்து போயின.
அவன் எண்ணுகிறவன்போல் வாயசைத்தான்.
நான் கேட்கவில்லை.

பதினான்கு நிமிடம் பறந்ததில் பன்னிரண்டு நிமிடத்துக்கு எண்கள் கிடைத்தன.
நாற்பத்தொன்று, நாற்பத்துநான்கு, முப்பத்தெட்டு,
கடைசியாக முந்நூற்றுப் பன்னிரண்டு.
புழுதிப்புயல் என்று துள்ளினோம்.
இறங்கும்போது தானே கிளப்பிய தூசியைத்
தானே எண்ணி வைத்திருக்கிறது.

அறிக்கையில் பொருள், எடை, விலை என்று மூன்று கட்டம்.
ஈயம், எண்பத்தேழு கிராம் என்று எழுதிவிட்டு
ரில்மா பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள்.
"சுழி போடு" என்றான் லிம்பர்ட்.
காலுறையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான்.